‘ஜி’ என்று ஓர் எழுத்து: ஐரோப்பிய வீட்டுக்காரர்களைத் தூங்கவிடாத கட்டடச் சட்டம் என்ன சொல்கிறது?

பாரிஸில் வீட்டு விளம்பரம் எதைத் திறந்தாலும் விலைக்கும் சதுர மீட்டருக்கும் பக்கத்தில் வண்ணப் பட்டை ஒன்று இருக்கும். அதில் ஓர் எழுத்து. பச்சையில் ‘ஏ’ தொடங்கி சிவப்பில் ‘ஜி’ வரை. நம்மூரில் ஃபிரிட்ஜும் ஏசியும் வாங்கப் போகிறவர்கள் நட்சத்திரம் எண்ணிப் பார்ப்பதுபோல, அங்கே வீட்டுக்கு எழுத்து. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக வைத்திருக்க எவ்வளவு எரிசக்தி செலவாகும், அதனால் எவ்வளவு கரியமில வாயு வெளியேறும் என்பதன் சுருக்கம் அது.

பல வருடங்கள் இந்த எழுத்தை யாரும் கண்டுகொள்ளவில்லை. தரகர் ஒப்புக்குப் போடுவார். வாங்குகிறவர் ஜன்னல் எந்தப் பக்கம், மெட்ரோ எவ்வளவு தூரம் என்றுதான் கேட்பார்.

இப்போது முதல் கேள்வியே அதுதான். 2025 ஜனவரி 1 முதல் பிரான்ஸின் பிரதான நிலப்பரப்பில் ‘ஜி’ எழுத்து விழுந்த வீட்டைப் புதிதாக வாடகைக்கு விட முடியாது. 2028ல் ‘எஃப்’ வீடுகளுக்கும் 2034ல் ‘இ’ வீடுகளுக்கும் அதே கதி. வாடகைக்கு விடலாம் என்று கடன் போட்டு ஒரு சின்ன ஃபிளாட் வாங்கியவருக்கு, சுவரும் கூரையும் அப்படியே இருக்க, வருமானம் மட்டும் நின்றுபோகலாம்.

இது பிரான்ஸ் நாட்டுச் சட்டம். ஆனால் எழுத்துப் பட்டை ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்தது. அதே ஒன்றியம் 2024ல் புதுப்பித்த கட்டட எரிசக்தி ஆணை, பிரான்ஸ் பேசும் இந்த மொழியை 27 நாடுகளுக்கும் கொண்டுபோகிறது. ஐரோப்பாவில் குடியேறி, இருபது வருடம் உழைத்து வீடு வாங்கிய தமிழ்க் குடும்பங்களுக்கும் இது வெறும் பிரசல்ஸ் செய்தி இல்லை.

கட்டடத்தின் மீது ஏன் கண்?

ஐரோப்பிய ஒன்றியம் செலவிடும் மொத்த எரிசக்தியில் சுமார் 40 சதவீதம் கட்டடங்களுக்குள்தான் போகிறது. எரிசக்தி சார்ந்த வாயு வெளியேற்றத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அங்கிருந்து வருகிறது. இன்று அங்கு நிற்கும் கட்டடங்களில் 85 சதவீதம் 2000ஆம் ஆண்டுக்கு முன் கட்டியவை. அதாவது, இனிமேல் கட்டுகிற வீடு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் போதாது. ஏற்கெனவே நிற்கிற பழைய வீட்டுக்குள் கை வைத்தே ஆக வேண்டும். சிக்கலே அங்குதான் தொடங்குகிறது. புதுக் கட்டடத்துக்கு விதி போட்டால் பில்டர் முணுமுணுப்பார். பழைய வீட்டுக்கு விதி போட்டால் ஊரே முணுமுணுக்கும்.

முதல் ஆணை 2002ல் வந்தது. 2010ல் அதைத் திருத்தியபோது, விற்பனை, வாடகை விளம்பரங்களில் எழுத்தைக் காட்ட வேண்டும் என்றார்கள். அப்போது யாருக்கும் வலிக்கவில்லை, ஏனென்றால் எழுத்து மோசமாக இருந்தால் என்ன ஆகும் என்று சட்டம் சொல்லவில்லை.

2021 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையம் அதைச் சொல்ல முயன்றது. 2023 மார்ச்சில் ஐரோப்பிய நாடாளுமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது: 2030க்குள் எல்லாக் குடியிருப்புகளும் குறைந்தது ‘இ’, 2033க்குள் குறைந்தது ‘டி’. இந்த இரண்டு தேதிகள் இத்தாலிய, ஜெர்மன் ஊடகங்களில் கிளப்பிய புயல் கொஞ்சநஞ்சமில்லை. ‘நான் சம்பாதிச்சு வாங்கின வீடு, இதுல பிரசல்ஸுக்கு என்ன வேலை?’ என்பதுதான் எல்லா மொழிகளிலும் கேட்ட கேள்வியின் சாரம்.

பேரம் பேசிப் பேசி, கடைசியில் வந்த வடிவத்தில் அந்த இரண்டு தேதிகளும் இல்லை. 2024 மார்ச் 12ல் நாடாளுமன்றம் 370க்கு 199 என்ற வாக்குகளில் அதை ஏற்றது. ஏப்ரலில் உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் கூடியபோது இத்தாலியும் ஹங்கேரியும் எதிர்த்து வாக்களித்தன. மே 28ல் ஆணை நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு நாடும் அதைத் தன் சொந்தச் சட்டமாக மாற்றி எழுதக் கொடுத்த கெடு 2026 மே 29.

அப்படியானால் யாருக்கு என்ன கட்டாயம்?

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. வாட்ஸ்அப் தகவல்கள் பெரும்பாலும் இதில்தான் சறுக்குகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டம் இரண்டு வகை. ஒன்று நேரடியாக எல்லா நாடுகளுக்கும் பொருந்தும் விதி. மற்றது ஆணை: ‘இந்த இலக்கை அடையுங்கள், வழியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று அரசுகளுக்குச் சொல்வது. கட்டடச் சட்டம் இரண்டாம் வகை.

ஆகவே, பிரசல்ஸிலிருந்து எந்த அதிகாரியும் எந்த வீட்டுக் கதவையும் தட்டப் போவதில்லை. குடியிருப்புகளைப் பொறுத்தவரை ஆணை கேட்பது சராசரியை. ஒரு நாட்டின் குடியிருப்புகள் எல்லாம் சேர்ந்து பயன்படுத்தும் சராசரி எரிசக்தி, 2020ஐ விட 2030க்குள் 16 சதவீதமும் 2035க்குள் 20 முதல் 22 சதவீதமும் குறைய வேண்டும். ஆனால் சராசரி என்றதும், நல்ல வீடுகளையே இன்னும் நல்லதாக்கிக் கணக்குக் காட்டலாமே என்று ஓர் அரசு நினைக்கக்கூடும். அதற்கும் பூட்டுப் போட்டிருக்கிறார்கள்: குறைப்பில் 55 சதவீதமாவது மிக மோசமான 43 சதவீதக் கட்டடங்களைச் சரிசெய்வதிலிருந்து வர வேண்டும்.

அதாவது தனி வீட்டுக்காரர் மீது ஐரோப்பிய ஆணை நேராகச் சுமை ஏற்றவில்லை. மோசமான வீட்டைத் தேடிப் போ என்று அரசின் மீது ஏற்றியிருக்கிறது. அரசு அதை மானியமாக மாற்றுமா, தடையாக மாற்றுமா, வரியாக மாற்றுமா என்பது அந்தந்த நாட்டு அரசியல்.

அலுவலகம், கடை, ஹோட்டல் போன்ற கட்டடங்களுக்கு இந்தத் தயவு இல்லை. அவற்றில் மிக மோசமான 16 சதவீதம் 2030க்குள்ளும், 26 சதவீதம் 2033க்குள்ளும் சீரமைக்கப்பட வேண்டும் என்று ஆணையே சொல்கிறது. 2028 முதல் புதிய அரசுக் கட்டடங்களும், 2030 முதல் எல்லாப் புதிய கட்டடங்களும் அந்த இடத்தில் எரிபொருள் எரித்துப் புகை விடாதவையாக இருக்க வேண்டும். எரிவாயு, எண்ணெய் பாய்லர் மட்டும் தனியாக வாங்க 2025 முதல் அரசு மானியம் கொடுக்கக் கூடாது. அவற்றை முற்றாகக் கைவிடுவதற்கு 2040 என்ற ஆண்டு குறிக்கப்பட்டிருந்தாலும், அது இலக்குதான். தடைத் தேதி அல்ல. பாரம்பரியக் கட்டடங்கள், வழிபாட்டு இடங்கள், வருடத்தில் நான்கு மாதத்துக்கும் குறைவாகத் தங்கும் விடுமுறை வீடுகள், 50 சதுர மீட்டருக்குக் குறைவான தனிக் கட்டடங்கள் ஆகியவற்றுக்கு விலக்குத் தர அரசுகளுக்கு இடம் உண்டு.

எழுத்துப் பட்டையும் மாறுகிறது. இதுவரை ஒவ்வொரு நாடும் தன் விருப்பப்படி அளவுகோல் வைத்திருந்தது. ஜெர்மனியில் ‘ஏ பிளஸ்’ தொடங்கி ‘எச்’ வரைகூட உண்டு. புதிய முறையில் ‘ஏ’ என்றால் புகையில்லாக் கட்டடம், ‘ஜி’ என்றால் அந்த நாட்டின் கடைசி வரிசைக் கட்டடங்கள். ‘அந்த நாட்டின்’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஒரு நாட்டில் ‘ஜி’ வாங்கும் வீடு பக்கத்து நாட்டில் ‘இ’ ஆக இருக்கலாம். பொதுப் பட்டை வந்த பிறகும் எழுத்து மட்டும் பார்த்து இரண்டு நாட்டு வீடுகளை ஒப்பிட முடியாது.

தகரக் கூரைக்குக் கீழே

இந்தச் சட்டங்கள் ஒரு மனிதரின் கையை எப்படிக் கடிக்கும் என்று பார்க்க பாரிஸ்தான் சரியான இடம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய அந்தக் கல் மாளிகைகளின் உச்சியில், துத்தநாகத் தகட்டுக் கூரைக்கு நேர் கீழே, வேலைக்காரர்கள் தங்குவதற்காகச் சின்னச் சின்ன அறைகள் கட்டினார்கள். இன்று அங்கே மாணவர்களும், முதல் வேலைக்கு வந்தவர்களும், தனியாக இருப்பவர்களும் வாடகைக்கு இருக்கிறார்கள். குளிர்காலத்தில் உறையும், கோடையில் நம்மூர்த் தகரக் கொட்டகையாகக் கொதிக்கும். சூட்டுக்கு மின்சார ஹீட்டர். எழுத்துக் கணக்கில் இப்படிப்பட்ட அறைகள் ஜியிலும் எஃபிலும் போய் விழுந்ததில் ஆச்சரியமில்லை. பிரெஞ்சுக்காரர்கள் இவற்றுக்கு வைத்திருக்கும் பெயர் ‘வெப்பச் சல்லடை’. ஊற்றுகிற சூடெல்லாம் ஒழுகிப்போகிறது. 2022 தொடக்கத்தில் பிரான்ஸில் மக்கள் நிரந்தரமாகக் குடியிருக்கும் வீடுகளில் சுமார் 52 லட்சம் இந்தச் சல்லடை வகை.

சரி, வீட்டுக்காரர் சரிசெய்துவிட்டுப் போக வேண்டியதுதானே? சொல்வது சுலபம். வெளிச்சுவருக்கு வெப்பக்காப்புப் போர்த்துவதுதான் நல்ல வழி. ஆனால் செதுக்கிய கல் முகப்பை மூட பாரிஸில் அனுமதி கிடைப்பது குதிரைக்கொம்பு. கூரையில் கை வைக்கலாமா? அந்தத் துத்தநாகக் கூரை வேயும் கைவினையை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. கூரை நகரத்தின் பெருமை, அடியில் இருப்பவருக்கு அவஸ்தை.

மிச்சம், உள்பக்கம் காப்பு அடிப்பது. ஐந்து மீட்டர் சுவரில் பத்து சென்டிமீட்டர் தடிமனுக்கு அடித்தால் அரை சதுர மீட்டர் தரை காணாமல் போகும். சதுர மீட்டர் பத்தாயிரம் யூரோவை ஒட்டி விற்கும் ஊரில் அது மட்டுமே ஐயாயிரம் யூரோ. வேலைக்கூலி தனி.

இதற்கெல்லாம் மேலே, அது அடுக்குமாடி. சுவர், கூரை, பொது ஹீட்டிங் எல்லாம் எல்லாருக்கும் பொது. உரிமையாளர்கள் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் பெரும்பான்மை வாக்கு வேண்டும். முதல் மாடியில் சொந்த வீட்டில் கதகதப்பாக இருப்பவர், ஆறாம் மாடி வாடகை அறைக்காக ஏன் கையெழுத்துப் போட வேண்டும்? சென்னையில் லிஃப்ட் மாற்றக் கூடிய அசோசியேஷன் கூட்டத்தில் உட்கார்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது.

சட்டமும் இதை உணர்ந்திருக்கிறது. ‘ஜி’ வீட்டில் இருப்பவரைத் தடை வெளியேற்றுவதில்லை. புது ஒப்பந்தத்துக்கும் புதுப்பிக்கப்படும் ஒப்பந்தத்துக்கும்தான் அது பொருந்தும். அந்த நிலையில் வீடு ‘தகுதியற்றது’ ஆகிவிடும். குடியிருப்பவர் வழக்குப் போட்டால் நீதிபதி வேலை செய்யச் சொல்லலாம், வாடகையைக் குறைக்கலாம். ஆனால் உரிமையாளர் முறைப்படி முயன்றும் சங்கம் மறுத்துவிட்டது என்று காட்டினால், வேலை செய்யும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. விற்கத் தடை இல்லை. சொந்த வீட்டில் தானே இருக்கிறவரை யாரும் கேட்கப்போவதும் இல்லை. வாடகைக்கு விடுகிறவர் தலையில்தான் பாரம் முழுக்க. 2022 ஆகஸ்ட் முதல் எஃப், ஜி வீடுகளுக்கு வாடகை ஏற்றவும் தடை இருக்கிறது.

செங்கல் அசையாமல் எழுத்து மாறிய கதை

எழுத்துக்கு இவ்வளவு பணம் ஒட்டிக்கொண்ட பிறகு, எழுத்தை எப்படிப் போடுகிறார்கள் என்பதிலேயே சண்டை தொடங்கியது. அதில் ஒன்று கொஞ்சம் விளக்க வேண்டிய விஷயம்.

பிரெஞ்சு முறையில் ஒரு சதுர மீட்டருக்கு வருடத்துக்கு 420 கிலோவாட் மணிக்கு மேல் போனால் ‘ஜி’, 330க்கு மேல் 420 வரை ‘எஃப்’. கிலோவாட் மணி என்பது நம் கரண்ட் பில்லில் வரும் யூனிட்தான். ஆனால் மின்சாரத்துக்கு மீட்டரில் ஓடும் யூனிட்டை அப்படியே எடுப்பதில்லை. மின்நிலையத்தில் அதை உண்டாக்கச் செலவான எரிசக்தியையும் சேர்க்க, ஓர் எண்ணால் பெருக்குவார்கள். அந்த எண் 2.3 ஆக இருந்தது.

45 சதுர மீட்டர் ஃபிளாட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சூட்டுக்கும் வெந்நீருக்கும் மற்றதுக்கும் கணக்குப்படி வருடத்துக்கு 8,300 யூனிட் மின்சாரம். 2.3ஆல் பெருக்கினால் 19,090. பரப்பளவால் வகுத்தால் 424. ‘ஜி’. வாடகைக்கு விட முடியாது.

2026 ஜனவரி 1 முதல் பிரெஞ்சு அரசு அந்த எண்ணை 1.9 ஆக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் பொதுவாகப் பயன்படுத்தும் எண்ணும் அதுதான். அதே 8,300 யூனிட் இப்போது 15,770. வகுத்தால் 350. ‘எஃப்’. 2028 வரை மூச்சுவிட நேரம் கிடைத்துவிட்டது. ஒரு ஜன்னல் மாற்றவில்லை, ஒரு செங்கல் அசையவில்லை.

இந்த ஒரே மாற்றத்தில் சுமார் 8.5 லட்சம் வீடுகள் சல்லடைப் பட்டியலிலிருந்து வெளியேறும் என்று அரசு சொன்னது. அதற்கு முன்பு 2024 ஜூலையில், 40 சதுர மீட்டருக்குக் குறைவான வீடுகளுக்கு எல்லைக்கோட்டைத் தளர்த்தியபோது சுமார் 1.4 லட்சம் வீடுகள் வெளியேறும் என்று மதிப்பிட்டார்கள். நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பிரான்ஸின் மின்சாரத்தில் பெரும்பகுதி அணு உலையிலிருந்து வருகிறது. மின் ஹீட்டர் வைத்த வீட்டைப் பழைய எண் கூடுதலாகத் தண்டித்தது உண்மை. சின்ன வீட்டுக்கு வெந்நீர்ச் செலவு விகிதப்படி அதிகம் வரும் என்பதும் உண்மை. ஆனால் உள்ளே குடியிருப்பவருக்கு? போன குளிர்காலத்தில் எவ்வளவு பில் கட்டினாரோ, இந்தக் குளிர்காலத்திலும் அவ்வளவுதான் கட்டுவார்.

செலவு யார் தலையில்?

2024 ஏப்ரலில் இந்த ஆணைக்கு எதிராக வாக்களித்துவிட்டு வந்த இத்தாலிய நிதி அமைச்சர் ஜன்கார்லோ ஜோர்ஜெத்தி கேட்டது இதைத்தான்: அழகான ஆணைதான், ஆனால் கடைசியில் யார் பணம் கட்டுவது? அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அந்தப் பரிசோதனையை இத்தாலி ஏற்கெனவே செய்து கையைச் சுட்டுக்கொண்டிருந்தது.

2020ல் கொரோனா நேரத்தில் அன்றைய அரசு ‘சூப்பர்போனஸ்’ என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. வீட்டை எரிசக்தி சிக்கனமாக மாற்ற நூறு யூரோ செலவழித்தால் அரசு நூற்றுப்பத்து யூரோ வரிச்சலுகையாகத் திருப்பித் தரும். அந்தச் சலுகையை வங்கிக்கோ ஒப்பந்தக்காரருக்கோ விற்றுவிடலாம். ஆக வீட்டுக்காரர் பையிலிருந்து ஒரு காசு போகாது. பேரம் பேசுவானேன்? ஒப்பந்தக்காரர் சொன்னதே விலை. சாரம் கட்டும் கம்பிக்கே தட்டுப்பாடு வந்தது, போலி பில்கள் குவிந்தன. செலவு 12,000 கோடி யூரோவைத் தாண்டியது. சீரமைத்தது சுமார் ஐந்து லட்சம் கட்டடங்கள். அந்த நாட்டில் இருக்கும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடியிருப்புக் கட்டடங்களில் அது சிறு பங்கு. கடன் முழுதும் வரி கட்டுகிற எல்லார் தலையிலும், வீடே இல்லாதவர் தலையிலும் சேர்த்து.

ஜெர்மனியில் வேறு கதை. பாதிக்கு மேல் மக்கள் வாடகைக்கு இருக்கும் நாடு. அங்கே வீட்டைச் சீரமைத்த செலவில், சாதாரணப் பராமரிப்பையும் கிடைத்த மானியத்தையும் கழித்துவிட்டு, வருடத்துக்கு 8 சதவீதத்தை உரிமையாளர் வாடகையில் ஏற்றலாம். 60 சதுர மீட்டர் வீட்டில் 20,000 யூரோ செலவு என்றால் வருடத்துக்கு 1,600, மாதத்துக்கு 133 யூரோ. ஆறு வருடத்தில் சதுர மீட்டருக்கு 3 யூரோ, வாடகை ஏற்கெனவே குறைவாக இருந்தால் 2 யூரோ என்று உச்சவரம்பு உண்டு.

குடியிருப்பவருக்கு மிச்சம் எவ்வளவு? அந்த வீடு வருடத்துக்கு 12,000 யூனிட் எரிவாயு குடித்தது, யூனிட் 11 சென்ட், வேலைக்குப் பிறகு செலவு பாதியானது என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 660 யூரோ, மாதத்துக்கு 55. வாடகையில் 133 ஏறி, பில்லில் 55 இறங்குகிறது. பன்னிரண்டரை வருடத்தில் வீட்டுக்காரருக்கு முதல் திரும்பிவிடும். ஏறிய வாடகை அதன் பிறகும் இறங்காது. பெர்லினில் ‘வீட்டைப் பசுமையாக்குகிறோம்’ என்று நோட்டீஸ் வந்தால் குடியிருப்பவர் வயிற்றில் புளியைக் கரைப்பது இதனால்தான்.

வீட்டுக்காரரைத் தள்ளவும் ஜெர்மனி ஒரு கோல் வைத்திருக்கிறது. எரிவாயு, எண்ணெய் மீது விதிக்கும் கார்பன் கட்டணத்தை 2023 வரை குடியிருப்பவர்தான் முழுக்கக் கட்டினார். பாய்லரை மாற்றும் அதிகாரம் ஒருவரிடம், தண்டம் கட்டுவது இன்னொருவர். 2023 முதல் பத்துப் படிகளாகப் பிரித்துவிட்டார்கள்: நல்ல கட்டடம் என்றால் குடியிருப்பவர் முழுதும், மிக மோசமான கட்டடம் என்றால் உரிமையாளர் 95 சதவீதம். 2025ல் ஒரு டன்னுக்கு 55 யூரோ. சதுர மீட்டருக்கு 52 கிலோ விடும் 70 சதுர மீட்டர் வீட்டுக்கு வருடக் கட்டணம் சுமார் 200 யூரோ. அதில் 190 வீட்டுக்காரருடையது. இருபதாயிரம் யூரோ வேலையை இழுத்துப்போட்டுச் செய்யவைக்க 190 யூரோ போதுமா என்பது சந்தேகம். ஆனால் திசை சரி: முடிவெடுப்பவர் யாரோ அவரிடம் பில் போகிறது.

வாங்குகிறவர், வங்கி, தரகர்

சட்டம் முழுதாக அமலாவதற்கு முன்பே சந்தை கணக்குப் போடத் தொடங்கிவிட்டது. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் 2023 முதல் இ அல்லது எஃப் எழுத்து வீட்டை வாங்குகிறவர், ஐந்து வருடத்துக்குள் அதை ‘டி’க்கு உயர்த்த வேண்டும் என்று விதி வந்தது, கெடு பிறகு ஆறு வருடமாக நீண்டது. தூண்டுதலை விற்பனை நேரத்தில் வைத்தது புத்திசாலித்தனம். வீடு கைமாறும்போதுதான் கடன் வாங்குவார்கள், சுவரை இடிப்பார்கள். ஆனால் பேரமும் அங்கேயே நடக்கிறது. ‘இவ்வளவு செலவு இருக்கு, அதைக் கழிச்சுக்குங்க’ என்று வாங்குகிறவர் சொல்வார். பழைய வீட்டை விற்று முதியோர் இல்லத்துக்குப் பணம் கட்ட நினைத்த வயதானவர், தான் செய்யாத வேலைக்குத் தன் விலையிலிருந்து கொடுப்பார்.

நெதர்லாந்தில் 2023 முதல் 100 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அலுவலகத்துக்குக் குறைந்தது ‘சி’ எழுத்து வேண்டும். இல்லையென்றால் சட்டப்படி அதை அலுவலகமாகப் பயன்படுத்த முடியாது. இதை முன்கூட்டியே, 2018லேயே அறிவித்திருந்தார்கள். வங்கிகள் அந்த நாளிலிருந்தே எழுத்து கேட்டுத்தான் கடன் பேசின. இப்போது ஐரோப்பிய விதிகளின்படி பெரிய வங்கிகள் தங்களிடம் அடமானமாக இருக்கும் கட்டடங்கள் எந்தெந்த எரிசக்தி நிலையில் இருக்கின்றன என்று வெளியிட வேண்டும். புதிய ஆணையும் அடமானக் கடன்களைச் சீரமைப்பை நோக்கித் திருப்பும் ஏற்பாடுகளை எதிர்பார்க்கிறது. நல்ல எழுத்துக்கு வட்டியில் சலுகை கிடைக்கும். கெட்ட எழுத்து வைத்திருப்பவர் யார்? பெரும்பாலும் செலவழிக்கக் கையில் காசில்லாதவர். கடன் அதிகம் தேவைப்படுகிறவருக்கே அது விலையேறுகிறது என்ற குறை இந்த ஏற்பாட்டில் இருக்கத்தான் செய்கிறது.

80,000 பேருக்கு ஓர் உதவி மையமாவது வைத்து ஆலோசனையும் மானிய வழியும் சொல்ல வேண்டும் என்றும் ஆணை கேட்கிறது. நல்ல யோசனை. ஆனால் பிரான்ஸில் சீரமைப்பு மானியத் திட்டத்தையே 2025 கோடையில் மூன்று மாதம் நிறுத்திவைத்தார்கள். விண்ணப்பம் மலைபோல் குவிந்ததும், மோசடிக்காரர்கள் புகுந்ததும் காரணம். தடைத் தேதி மட்டும் நிற்கவில்லை.

2028ல் என்ன நடக்கும்?

எரிவாயு, எண்ணெய் விற்பவர்கள் கார்பன் உரிமம் வாங்க வேண்டும் என்ற ஐரோப்பிய ஏற்பாடு கட்டடங்களுக்கும் சாலைப் போக்குவரத்துக்கும் விரிகிறது. 2027ல் தொடங்குவதாக இருந்தது. ஒரு வருடம் தள்ளிப்போட்டு 2028 என்கிறார்கள். விற்பவர் கட்டுகிற பணம் கடைசியில் வீட்டு பில்லில்தான் வந்து நிற்கும். ஏழைக் குடும்பங்களைத் தாங்க 2032 வரை சுமார் 8,670 கோடி யூரோவில் ஒரு நிதி ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த நிதி முதலில் சேர்கிறதா, பில் முதலில் சேர்கிறதா என்பது ஒவ்வொரு அரசின் கையில்.

பிரான்ஸில் ‘எஃப்’ வீடுகளை வாடகைக்கு விடத் தடை வருவதும் அதே 2028, ஜனவரி 1. பொது எரிவாயு பாய்லர் உள்ள அடுக்குமாடியில் எஃப் வீடு வைத்திருப்பவருக்கு இரண்டும் ஒரே வருடத்தில் வந்து சேரும். கூரையையோ பாய்லரையோ மாற்ற அவர் முதலில் அஜெண்டாவில் தன் கோரிக்கையைச் சேர்க்க வேண்டும். பிறகு ஆய்வறிக்கை, மூன்று நான்கு ஒப்பந்தக்காரர்களிடம் விலைப்புள்ளி, மறுபடி வாக்கெடுப்பு, அதன் பிறகு வேலை. சங்கத்தின் பொதுக்கூட்டம் வழக்கமாக வருடத்துக்கு ஒரு முறைதான் கூடுகிறது.